நடுக்கம் தாங்கும் லென்ஸ்

தொண்ணூறுகளின் கடைசியில், மைசூரில் அக்ரஹாரம் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. நான் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். என் மனைவிக்குப் பறவைகளைப் படம் எடுப்பதில் அப்படி ஒரு பைத்தியம். ஞாயிறு விடிந்தால், ஆற்றில் படகில் போய்ப் பறவை பார்க்கும் ரங்கனதிட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவோம். ஊரில் இருந்த புகைப்படச் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். அவள் படம் கண்காட்சியில் இடம்பிடித்தால் நான்தான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவேன்.

அப்புறம் அவளுக்குத் தைராய்டு வந்தது. மாத்திரையில் உடம்பு தேறியது, கை நடுக்கம் மட்டும் போகவில்லை. ரோல் ரோலாகக் கழுவிப் பார்த்தோம். நாரையெல்லாம் தண்ணீர் பட்ட மை போலக் கலங்கிக் கிடந்தது. ஒரு நாள் கேமராவைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள்.

"போதுங்க. பிலிமுக்குப் பிடிச்ச கேடு" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எனக்குப் பயம். நாள் முழுக்க வாயே திறக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான், கை ஆடினாலும் படம் கலங்காமல் பார்த்துக்கொள்ளும் லென்ஸ் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சாதாரண லென்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சங்கத்தில் விசாரித்தால், "தண்டச் செலவு சார், நல்ல ட்ரைபாட் இருந்தா போதும்" என்று எல்லாரும் ஒரே பாட்டு.

நான் ஃபிட்டர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? கனமாக இருந்தால் ஆடாது என்பது எங்கள் பட்டறைப் புத்தி. நண்பரின் லேத் பட்டறையில் இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்து, ட்ரைபாட் மாதிரி ஒரு முக்காலி செய்து, பெயின்டும் அடித்தேன். கெஞ்சிக் கூத்தாடி அவளை ரங்கனதிட்டுக்குக் கூட்டிப்போனேன். முக்காலியை ஏற்றியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஏனு ஸார், சப்பர ஹாக்தீரா?" என்றார் படகுக்காரர். பந்தல் போடப் போகிறீர்களா என்று கேட்கிறார் மனுஷர். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

படகு ஆடியது, கூடவே முக்காலியும் ஆடியது, அதன் தலையில் கேமராவும் ஆடியது. "தரையில இது சரிங்க. தண்ணியில எல்லாம் சேர்ந்தில்ல ஆடுது" என்றாள். நான் அசடு வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சங்கத்தில் ஒரு டாக்டர் அந்தப் புது லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்திருந்தார். எங்கள் கேமராவுக்கும் அது பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? ரோலில் முதல் பாதியை லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு எடுத்தாள். மறு பாதியை அதைப் போட்டுவிட்டு எடுத்தாள். பிரிண்ட் வந்ததும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து என் முன்னால் பரப்பினாள்.

"எது தெளிவா இருக்கோ எடுங்க. எனக்காகப் பார்க்காதீங்க."

நான் பொறுக்கியதை ஒவ்வொன்றாக நெகட்டிவோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்று தவிர எல்லாம் சுவிட்ச் போட்ட பாதி. ஆனால் பறந்துகொண்டிருந்த நாரைகள் இரண்டு பாதியிலும் கலங்கித்தான் இருந்தன.

"என் கையை அது பார்த்துக்கும், பறக்கிறதை நிறுத்தாது" என்றாள். பிரிண்டுகளை அடுக்கி உறையில் போட்டாள். "உக்காந்திருக்கிற பட்சி போதும் எனக்கு. வாங்கலாங்க."

புது ஸ்கூட்டருக்குச் சேர்த்த பணம் லென்ஸுக்குப் போனது. பழைய ஸ்கூட்டரையே உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் அடுத்த கண்காட்சியில் அவள் எடுத்த படம் நடுச்சுவரில் இருந்தது. கூட்டில் நின்று, குஞ்சுகளுக்கு வெயில் படாமல் சிறகை விரித்துப் பிடித்திருக்கும் ஒரு நாரை. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. பார்க்க வந்த ஒருவர், "பிரமாதம்மா. எந்த ட்ரைபாட்ல எடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் கை நடுக்கம் வெளியே தெரிந்துவிடுமே என்று பேச்சை மாற்ற வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் வலது கையை எல்லார் முன்னாலும் நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

"ட்ரைபாட் இல்லைங்க. என் கை இப்படித்தான் நடுங்கும். அதுக்குன்னே இந்த லென்ஸ் வாங்கினோம். படத்துல பட்சி நடுங்குதான்னு நீங்களே பாருங்க."

கேட்டவர் படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த மாதிரி லென்ஸுக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா என்று இன்றைக்கும் என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. லென்ஸைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தன் கை நடுங்கும் என்று நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து சொன்னவளின் புருஷன் நான் என்பதைத்தான் அவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.