சொந்தக்காரர் கடை டயர்

நான்கு டயருக்காக ஒருத்தி இத்தனை வருடம் கோபத்தைச் சுமந்துகொண்டு திரிவாளா என்று என் கணவர் கேட்கிறார். அவர் சென்னைக்காரர். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டுவிட்டு, சாயங்காலமே அதே ஆளோடு டீ குடிக்கப் போகிறவர். எங்கள் கோயமுத்தூரில் அந்த வழக்கம் இல்லை. இங்கே கழுத்தை அறுப்பதானாலும் ‘கொஞ்சம் தலையைத் திருப்பிக்குங்க’ என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். அறுபடுகிறவரும் ‘சரிங்க’ என்பார். என் கோபமெல்லாம் அந்த ‘சரிங்க’ மேல்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான ஒரே வருடத்தில் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் வந்தது தப்பு என்பதை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, லேத் போட்டு, பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார் அத்தை. அதில் வந்த காசில் நகை எடுத்திருந்தால் எல்லோரும் பெருமைப்பட்டிருப்பார்கள். இடம் வாங்கிப் போட்டிருந்தால் இன்னும் பெருமை. அத்தை கார் வாங்கினார். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்.

மில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனபோது விற்றுவிட்டுப் போன பழைய வண்டி அது. பாக்கு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். உள்ளே இரண்டே சீட். எங்கள் வீட்டில் அந்த இரண்டு சீட்டைத்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. “இதுல எழவுக்குப் போறதா, கண்ணாலத்துக்குப் போறதா? சனத்தை ஏத்தாத வண்டியும் ஒரு வண்டியா?” என்று பெரியப்பா கேட்பார். அவர் லாரி வைத்திருந்தவர். எத்தனை பேரை ஏற்றலாம், எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதுதான் அவருக்கு வண்டி. அத்தை சிரித்துக்கொண்டே, “லேத்துக்குப் போக எனக்கு ஒரு சீட்டு, பள்ளிக்கூடம் போக புள்ளைக்கு ஒரு சீட்டு. போதுமுங்கண்ணா” என்பார்.

அந்தப் புள்ளை நான். ஏழாம் வகுப்பு. தினமும் காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில், டவுன் பஸ்ஸின் சக்கரத்துக்கு நேராக என் முகம் இருக்கும் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ராணி மாதிரி பள்ளிக்கூடம் போனேன். அத்தை பறப்பார் என்று ஊரில் பேச்சு. பொய். ஐம்பதைத் தாண்ட மாட்டார். வளைவு வந்தால் மட்டும் கால் கொஞ்சம் துணியும். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது அத்தையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வீட்டுக்குள் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் டயர் நான்கும் வழுக்கையாகிவிட்டன. மழை வருவதற்குள் மாற்றியாக வேண்டும். அத்தை அதை ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோல் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். அந்தக் காருக்கு முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு. பின்னால் இருப்பது அகலம். கார் கம்பெனி சொல்லும் டயரின் விலையைக் கேட்டதும் அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தக் காசில் லேத்துக்குப் புது மோட்டாரே வந்துவிடும். பெரியப்பா ரீட்ரேடிங் போடச் சொன்னார். பழைய டயருக்கு மேல் புதுத் தோல் ஒட்டுவது லாரிக்கு ஒத்து வரும், இந்த வண்டிக்கு வேண்டாம் என்றார் அத்தை. உக்கடத்தில் வெளிநாட்டுப் பழைய டயர்கள் பளபளவென்று சல்லிசாகக் கிடைத்தன. அங்கேதான் எனக்கு அத்தை டயர் படிக்கச் சொல்லித் தந்தார். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் எந்த வாரம், அடுத்த இரண்டும் எந்த வருடம் என்று சொல்லும். “மேல இருக்கற பட்டன் தேயலைன்னு பாத்து ஏமாறக் கூடாது கண்ணு. வயசானா ரப்பர் இறுகிப்போயிரும். காஞ்ச ரோட்டுல ஒண்ணும் தெரியாது. மழையில ரோட்டை உட்டுப்போடும்.”

கடைசியில் கவுண்டம்பாளையத்தில் ஒரு கடையில், அதிகம் பேர் தெரியாத கம்பெனியின் டயர் கிடைத்தது. அளவு சரி, ஈர ரோட்டில் பிடிக்கும், விலையும் கையைக் கடிக்கவில்லை. சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். “தேஞ்சா மாத்திக்கலாம். வழுக்கினா மாத்திக்க முடியாது” என்றார் அத்தை. கடைக்காரர் பெங்களூரிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம்.

அதே வாரத்தில்தான் அன்னூரிலிருந்து என் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், தோட்டம் துரவு, பையன் படித்தவன். பையனின் அப்பா டயர்க்கடை வைத்திருந்தார். அவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன மறுநாள் பெரியப்பா வந்து நடு ஹாலில் உட்கார்ந்தார்.

“நாம ஒரு சொந்தம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவரு டயர்க்கடை வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு. நம்மூட்டு வண்டி போயி வேற கடையில டயர் மாட்டினா அவரு என்ன நெனப்பாரு அம்மணி?”

“அவருகிட்ட லாரி டயரும் டிராக்டர் டயருமுங்கண்ணா. இந்த அளவு இருக்காதுங்க.”

“கேட்டுப்போட்டேன். இருக்குதுன்னாரு.”

“அட்வான்ஸ் குடுத்துட்டனுங்களே.”

“அந்தக் கடைக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன், வேண்டாம்னு.”

அத்தை அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைத் திருப்பினார். அப்பா எதற்கும் வாய் திறக்க மாட்டார் என்பதை எங்கள் வீட்டில் நல்ல குணம் என்று சொல்வார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும்போல் இருக்கிறது. அத்தை “சரிங்கண்ணா” என்றார்.

கார் அன்னூர் போய்த் திரும்பி வந்தது. டயர்க்கடை மாமாவே ஓட்டி வந்தார். நான்கு டயரிலும் சந்தனம், குங்குமம். முன்னால் மல்லிகைச் சரம். எங்கள் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார்கள். மாமா காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “நமக்குள்ள என்னங்க காசு?” என்று அவர் கையெடுத்துக் கும்பிட, பெரியப்பா பதிலுக்குக் கும்பிட, எல்லோருக்கும் கண் கலங்காத குறை. சும்மா கிடைத்த டயரில் குறை சொல்ல எந்தச் சொந்தக்காரனுக்கு வாய் வரும்?

அவர்கள் காபி குடிக்க உள்ளே போனதும் நான் குனிந்து பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே அளவு. ஏதோ வேனுக்குப் போடுகிற டயர். ரிம்மில் மாட்டியது, அதற்கு மேல் அந்தக் காரோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சந்தனத்தைத் துடைத்துவிட்டு எண்களைப் படித்தேன். ஏழு வருடத்துப் பழசு. கடையின் மூலையில் விற்காமல் கிடந்தவை. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவே இல்லை. அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“தெரியுமுங் கண்ணு. நிச்சயம் முடியட்டும், மாத்திப்போடலாம். அது வரைக்கும் மெதுவாப் போலாம்.”

மெதுவாகத்தான் போனோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்கு முந்தைய வளைவில், முன்னால் போன ஆட்டோ நின்றது. அத்தை பிரேக்கைத் தொட்டார். மிதிக்கவில்லை, தொட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். வண்டி ரோட்டை விட்டுவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, நடுத் தடுப்பில் அத்தை பக்கமாகப் போய் மோதியது. எனக்கு ஒரு கீறல் இல்லை. அத்தைக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கை தொங்கிக்கொண்டிருக்க, இடது கையால் என் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலமே வீடு நிறைய ஆட்கள். “பொம்பளைக்கு இந்த வேகம் ஆகுமுங்களா?” “நல்லவேளை, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்க.” “அப்பவே சொன்னமுங்க, இது நமக்கு ஒத்து வராத வண்டின்னு.” எல்லாம் மரியாதையாக, மெதுவான குரலில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. டயரைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. டயர்க்கடை மாமாவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். “வேகத்தைக் கொறைச்சுக்கோணும் அம்மணி. டயர் எப்பேர்ப்பட்டதா இருந்தாலும் ஓட்டறவங்க கையிலதானுங்களே இருக்குது.”

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நடு ஹாலில் நின்றுகொண்டு கத்தினேன். “நீங்க குடுத்தது ஏழு வருசத்துப் பழைய டயருங்க. அளவும் தப்புங்க. ரப்பர் கல்லு மாதிரி இருந்துச்சுங்க. சைடுலயே போட்டிருக்குதுங்க, போயிப் பாருங்க!” அவ்வளவு ஆத்திரத்திலும் ஒரு ‘ங்க’வை விடாமல் போட்டிருக்கிறேன் பாருங்கள். வளர்ப்பு அப்படி.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. மாமா சிரிக்க முயன்று, “புள்ளை வெவரமுங்க” என்றார். சிரிப்பு வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

அப்போது அத்தை பேசினார். “டயர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. நல்ல டயருங்க. நாந்தானுங்க கொஞ்சம் வேகமா வந்துட்டேன்.” பிறகு என்னைப் பார்த்து, “மாமாகிட்ட மன்னிப்புக் கேளு கண்ணு” என்றார்.

நான் அத்தையையே பார்த்தேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. கேட்டேன். “மன்னிச்சுக்குங்க மாமா.” மாமா உட்கார்ந்தார். டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன். அத்தை வந்து தலையைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பொய் சொன்னவரோடு இனிப் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். அக்காவுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடித்திருந்தது என்றோ, நான் கத்தியபோது உள்ளறைக் கதவுக்குப் பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை அத்தை பார்த்தார் என்றோ அப்போது எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகாவது கோபம் போயிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். இல்லை, கூடியிருக்கிறது. டயர்க்கடை மாமா கெட்டவர் அல்ல. பெரியப்பாவும் கெட்டவர் அல்ல. என் பள்ளிக்கூடத்துச் செலவில் பாதி அவருடையது. ஒரு கெட்டவன்கூட இல்லாமல், குரலை உயர்த்தாமல், எல்லோரும் கும்பிட்டுக்கொண்டே ஒரு மனுஷியின் கையை முறிக்க முடிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கை எலும்பு கூடிய பிறகும் அத்தை பஸ்ஸில்தான் லேத்துக்குப் போனார். எனக்கு ஸ்கூல் வேன் வைத்தார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை, “அந்த வண்டி என்னங்க ஆச்சு? நல்ல வண்டிங்களே” என்று விசாரித்தாராம். வேறு ஒன்றும் கேட்கவில்லையாம். பெரியப்பா அத்தையைப் பார்த்தாராம். எல்லோரும் அத்தையைப் பார்த்தார்களாம். “மாப்பிள்ளைக்குப் புடிச்சிருந்தா எடுத்துக்கட்டுமுங்க. எனக்கு எதுக்குங்க இனி?” என்றாராம் அத்தை. இது அம்மா சொல்லி நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் மாடியில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் அன்னூரில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்து வாசலுக்கு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. நசுங்கிய கதவைச் சரிசெய்து, புதுப் பெயிண்ட் அடித்து, ரோஜாப்பூ ஒட்டி வைத்திருந்தார்கள். நான் பூவைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து டயரைப் பார்த்தேன். கார் கம்பெனி சொன்ன டயரேதான், விலை கேட்டு அத்தை சிரித்தாரே, அதே டயர். முன்னால் ஓர் அளவு, பின்னால் அதைவிட அகலம். கறுகறுவென்று, நகம் வைத்தால் பதிகிற ரப்பர்.

இத்தனை நாள் பேசாமல் இருந்த வைராக்கியமெல்லாம் பறந்தது. உள்ளே ஓடினேன். மணமேடைப் பக்கம் வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார் அத்தை. “அத்தை, டயர் மாத்திட்டாங்க! சரியான அளவுங்க! நீங்க சொன்ன மாதிரியே பின்னாடி அகலமுங்க!”

அத்தை என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். வியர்வையோ என்னவோ. “ஆமாங் கண்ணு. நானும் பாத்தேன். நல்ல டயரு.”

“மழையில புடிக்குமுங்களா?”

“நல்லாப் புடிக்கும்.”

நான் சொன்னதை மாமா இப்போதாவது கேட்டிருக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் மாப்பிள்ளையும் அக்காவும் காரில் ஏறினார்கள். இரண்டு சீட்டும் நிறைந்தன. எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது நான்தான். கார் ரோட்டில் இறங்கி, ஒரு வழுக்கல் இல்லாமல் வளைந்து திரும்பியது. நான் பெரியப்பாவின் வேட்டியை இழுத்துக் கேட்டேன்: “அக்காவ ஊட்டுல உட்டுட்டு, வண்டியை எப்பங்க திருப்பிக் கொண்டாந்து உடுவாங்க? நாளைக்கு எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரித்தார். அத்தையும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.