முதுகிலிருந்து வந்த தோள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுவது அவள் வேலை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிய ஒரு காலையில், வளைவில் சிந்திக்கிடந்த எண்ணெயில் வழுக்கி வேன் வலப்பக்கம் சாய்ந்தது. திறந்த ஜன்னல் வழியே அவளுடைய வலது தோள் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் முதலில் காயத்தைக் கழுவுவதே பெரிய வேலையாக இருந்தது. மயக்கம் கொடுத்து, மண்ணையும் ஜல்லிப் பொடியையும் எடுத்தார்கள். செத்த சதையை வெட்டினார்கள். நொறுங்கிய எலும்பை வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்தினார்கள். எலும்பை மூடத்தான் சதையும் இல்லை, தோலும் இல்லை.

தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவன், கட்டுப் பிரிக்கும் போதெல்லாம் வராந்தாவுக்கு நழுவிவிடுவான்.

"முதுகுல அகலமா ஒரு தசை இருக்கும்மா," என்றார் டாக்டர். "அதோட ரத்தக்குழாயும் நரம்பும் அறாம, தோலோட சேர்த்து அக்குள் வழியா திருப்பி, தோள் மேல போர்த்தப் போறோம்."

"அப்ப முதுகுக்கு?" என்று கேட்டாள் அவள்.

"பக்கத்துத் தசைங்க சமாளிச்சுக்கும்."

"துணின்னா தப்பா வெட்டினா வேற எடுத்துக்கலாம் டாக்டர்..." கணவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க ஏங்க அழறீங்க? வெட்டப்போறது என் முதுகைத்தானே!" என்றாள் அவள்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் புதுச் சதையின் ஓரம் நீலம் பாரித்தது. அவசரமாக அவளை மறுபடியும் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்த் தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள். சதை பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் அந்தத் தோளைப் பார்க்கவில்லை. ஒருநாள் அவன் தலையணையைச் சரிசெய்தபோது அவள் இருமினாள். தோள் குபுக்கென்று துள்ளியது. அவன் திடுக்கிட்டு நேராகப் பார்த்துவிட்டான். மேடும் தையல் தழும்புமாக, உயிரோடு இருந்தது.

"இருமும்போது இறுகுற தசை அது," என்று சிரித்தார் கைக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண். "இன்னும் தன்னை முதுகுன்னே நினைச்சுட்டிருக்கு. இருமி அதைக் கண்டுபிடிங்க. அப்புறம் இருமாம அசைக்கப் பழகுங்க."

அவளுக்குத் துணையாக அவனும் இருமினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கும் காசநோயோ என்று பயந்தே போனார்கள்.

மாதங்கள் கழித்து, இருமாமலே கை மெல்ல எழுந்தது. வாய் வரைதான், தலைக்கு மேல் போகவில்லை. வேன் ஓட்டுவது முடிந்துபோன கதை என்று அவளுக்குப் புரிந்தது. அன்று மட்டும் அழுதாள்.

இப்போது அதே பள்ளியில் வேன்களை அனுப்பும் பொறுப்பு அவளுடையது. காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது கணவன்தான். பின்னல் கோணிக்கொண்டுதான் போகிறது.

"ஊர்த் துணியெல்லாம் நேரா தைக்கிறீங்க, இது மட்டும் ஏன் இப்படி?" என்று அவள் கேட்கிறாள்.

"அசையாம உட்காரு, வரும்," என்கிறான் அவன்.