பின் சீற் இல்லாத கார்

முத்தலிப்பைப் பற்றிக் கல்முனையில் யாரிடம் கேட்டாலும் முதலில் அந்தக் காரைத்தான் சொல்வார்கள். மாவடிப்பள்ளி ரோட்டில் அது பறந்ததைச் சொல்வார்கள், அதன் சத்தம் காரைதீவுச் சந்தி வரைக்கும் கேட்டதைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. அவருடைய பொண்டாட்டி ஹாஜறா அந்தக் காரில் ஏறாமல் இருந்த கதையை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஊருக்கென்ன, ஊருக்குச் சத்தம் கேட்டால் போதும்.

ஆள் மருதமுனையில் பிறந்தவர். கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு, வளவுக்குள் நிற்கிற தென்னையும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த சாரனோடு வந்து ஏறுகிறவன்தான். முத்தலிப் சாரனோடு ஒரு ஸ்பனர் பெட்டியையும் கொண்டு வந்தார். பஸ் டிப்போவில் வேலை, பின்னேரத்தில் வளவு மூலையில் சொந்தக் கராஜ். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். வீட்டுக்குள் கேட்கிற சத்தத்துக்கு அந்தக் காது உதவவில்லை, அதுதான் கேடு.

ஹாஜறாவின் வாப்பா மீராமுகைதீன் பெரிய நெல் வியாபாரி. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கடை வைத்திருந்தார். மூத்தவள் அஸீஸாவுக்கு அக்கரைப்பற்றிலேயே வீடு கட்டிக் கொடுத்தார், இளையவள் ஹாஜறாவுக்கு இந்த வீடு. அவர் மௌத்தான பிறகு பின் வளவுக் கொட்டில் பூட்டிக் கிடந்தது. மாமி உயிரோடு இருந்தவரைக்கும் அதைத் திறக்க விடவில்லை. மருமகன் வாய் திறந்து கேட்கிற வழக்கமும் இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிதான் அதைத் திறந்தது. ஊரில் நின்ற தென்னையெல்லாம் விழுந்த அந்த நாளில் கொட்டிலும் விழுந்தது. கூரைக் கிடுகையும் வளையையும் இழுத்துப் போட்டால், உள்ளே சாக்குக் குவியலுக்கும் தேங்காய் மட்டைக்கும் நடுவில் ஒரு கார். நாலு கதவு, மேலே துணிக் கூரை இருந்ததற்கு அடையாளமாக வளைந்த கம்பிகள், பின் சீற்றில் கோழி அடைகாக்கிறது. வாப்பா அந்தக் காலத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவரிடம் வாங்கியதாம். மாமி போய்ச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒஸ்ரின் என்றார் ஒருவர். மொரிஸ் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். முகப்பில் பெயர்த்தகடு இல்லை. முத்தலிப் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெற்றோல் தாங்கி பின்னால் இல்லாமல் முன் கண்ணாடிக்குக் கீழே இருப்பதைத் தட்டிப் பார்த்தார். பம்பு கிடையாது, பெற்றோல் தானாக இறங்கி வருகிற ஏற்பாடு. பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் இடது பக்கத்தைத் தேய் தேயென்று தேய்த்தார். ஒரு நட்சத்திரம் தெரிந்தது, இரண்டு ஆங்கில எழுத்து, நீளமாக நம்பர், கடைசியில் இன்னொரு நட்சத்திரம். போர்ட் ஏ மொடல் என்றார். ஐம்பது வருடத்துக் கார், கனடாவில் செய்து வந்தது என்றார். காரைதீவில் லேத் மெசின் வைத்திருந்த அவருடைய கூட்டாளி குணம் பக்கத்தில் நின்றவர், உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆண்களெல்லாம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஹாஜறா பின் சீற்றைப் பார்த்தாள். கோழியைத் தூக்கி இறக்கிவிட்டு முந்தானையால் தூசி தட்டினாள். அறுவடை முடிந்ததும் வாப்பா இதில்தான் ஒலுவில் கடற்கரைக்குக் கூட்டிப் போவாராம். இரண்டு பக்கமும் திரை கட்டி, நடுவில் உம்மா, ஓரத்துக்கு ஒருத்தியாக அவளும் ராத்தா அஸீஸாவும். திரையை விலக்கிக் கடலைப் பார்ப்பதற்கு இரண்டு பேரும் கிள்ளிக்கொள்வார்களாம். அந்த ராத்தா இப்போது அக்கரைப்பற்றில் கால் வழங்காமல் கிடக்கிறாள். பஸ் ஏறி இறங்கி ஹாஜறா போய் வருவது எப்போதாவது ஒரு தடவை. சனத்துக்குள் நெரிபட்டுப் போவது அவளுக்குப் பெரிய பாடு.

“இதத் திருத்தினா ராத்தாட வாசல்ல ஒரு நாளைக்கி இதில போய் எறங்கணும். எனக்கு வேறொண்டும் வேணாம்,” என்றாள்.

“ஓம், அதுக்கென்ன,” என்றார் முத்தலிப்.

மனதாரத்தான் சொன்னார். பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆனால் இந்த ‘அதுக்கென்ன’ இருக்கிறதே, அது பாழாய்ப் போன சொல். எத்தனை குடும்பத்தில் எத்தனை காரியம் அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடந்து மக்கிப் போயிருக்கிறது.

கொஞ்ச நாளில் சில்லறைக் கடையில் சுற்றிக் கொடுத்த தாளில் ஒரு படம் வந்தது. ஏதோ அமெரிக்கப் புத்தகத்தின் பக்கம். அதே போர்ட், ஆனால் கூரை இல்லை, மட்கார்ட் இல்லை, முன்னால் பெரிய எஞ்சின் திறந்தபடி நிற்கிறது. ஹொட் ரொட் என்று போட்டிருந்தது, வேகத்துக்காகவே வெட்டித் திருத்திய கார். முத்தலிப் அதை மடிப்பு நிமிர்த்தி கராஜ் சுவரில் ஒட்டினார். அன்றைக்குப் பிடித்த பித்து. பேய் பிடித்தால் ஓதிப் பார்க்கலாம், இதற்கு எங்கே போய் ஓதுவது?

யுத்தக் காலத்து லொறி ஒன்றின் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் அம்பாறையில் பழைய இரும்புக்குள் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பிரித்துக் கழுவிப் பூட்டினார். எஞ்சினையும் கியர் பெட்டியையும் சேர்க்கிற தட்டைக் குணம் கடைந்து கொடுத்தார். பெரிய எஞ்சினின் சூட்டுக்குப் பக்கத்தில் பெற்றோல் இருக்கக்கூடாது என்று முன் தாங்கியைக் கழற்றினார். பிறகு பாரத்தைக் குறைக்கிற வேலை. மட்கார்ட் போனது, கூரைக் கம்பி போனது, கதவுகள் போயின. கடைசியில் பின் பாதியை வெட்டுவதற்கு அடையாளம் போட்டார்.

வெட்டுகிற அன்று குணம் இரும்பு அறுக்கிற வாளைக் கையில் எடுக்கவில்லை. “வீட்டில கேட்டீங்களா காக்கா?” என்று அண்ணன் முறையில் கேட்டார்.

முத்தலிப் தலையைத் தூக்காமல், பிறகு ஒரு சீற் வைக்கலாம், முதலில் ஓடட்டும் என்றார். தானே வெட்டினார். பின்னால் இடம் இல்லாமல் போனதால் புதுத் தாங்கியைத் தன் சீற்றுக்குப் பக்கத்தில், இன்னொருவர் இருக்க வேண்டிய இடத்தில் பூட்டினார். ஒற்றை ஆளுக்கு ஒரு கார். மூன்று பெண்கள் திரைக்குள் இருந்து கடல் பார்க்கப் போன கார் அது. அல்லாஹ்வே, புத்தி எங்கே போனது அந்த மனிதருக்கு.

அது ஓடிய ஓட்டத்தை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. மாவடிப்பள்ளி ரோட்டில் இரண்டு பக்கமும் வயல், நடுவில் நேர்கோடு. சம்மாந்துறையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் பொடியன்மார் மோட்டார் சைக்கிளில் வந்து போட்டிக்கு நின்று, புகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அறுவடைக்காரர்கள் நெல் வெட்டுகிற தாக்கத்தியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். முத்தலிப்பின் கண்ணில் காற்றுப் பட்டுத் தண்ணீர் வழியும், ஆள் சிரித்துக்கொண்டிருப்பார். அத்தனை சந்தோசத்தை அவர் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை.

முதன்முதல் கார் வெளிக்கிட்ட அன்று ஹாஜறா வேலிக் கடப்பில் நின்று பார்த்தாள். காரை முன்னும் பின்னும் பார்த்தாள், உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். சண்டை பிடித்திருந்தால் நல்லது. பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அக்கரைப்பற்றுக்குப் போக உடுத்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு முறையும் முத்தலிப், வாற போகத்துக்குப் பின்னால் ஒரு சீற் வைத்துவிடுகிறேன் என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போவாள். எத்தனையோ போகம் விதைத்து வெட்டியாயிற்று.

எண்பத்துநாலாம் ஆண்டு ஒரு ஹர்த்தால் நாள். கடையெல்லாம் பூட்டு, பஸ் இல்லை, ஹயர் கார் இல்லை, ரோட்டில் ஈ காக்கை கிடையாது. பக்கத்து அரிசி மில்லுக்குப் போன் வந்தது. சுபஹோடு அஸீஸா மௌத்தாகிவிட்டாள். ஊர் நிலைமை சரியில்லாததால் ளுஹருக்கே அடக்கப் போகிறார்கள், ஹாஜறாவை உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். காலையிலிருந்து லைன் கிடைக்காமல் நேரம் போயிருந்தது.

முத்தலிப் ஓடிப் போய்க் காரை வெளியே எடுத்தார். வெறும் ரோடு, அந்த எஞ்சினுக்கு அக்கரைப்பற்று ஒரு தூரமா? கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். ஹாஜறா தலையை மூடிக்கொண்டு அழுதபடி வந்தாள். திரையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஊர் பார்த்தால் பார்க்கட்டும், முன்னுக்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே காரைச் சுற்றி மற்றப் பக்கம் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

“நான் எங்க இரிக்கிற?” என்று கேட்டாள்.

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே இடம் தேடித்தான் கேட்டாள். தாங்கிக்கு மேல் ஏறி இருக்கவா முடியும்? சாய ஒன்றும் இல்லை, பிடிக்க ஒன்றும் இல்லை, கதவும் இல்லை. முத்தலிப் ஸ்பனரை எடுத்துத் தாங்கியின் நட்டில் வைத்தார். கழற்றினால் கார் ஓடாது, வைத்திருந்தால் அவள் ஏற முடியாது. பெரிய மெக்கானிக் அப்படியே குந்திக்கொண்டு இருந்தார். நட்சத்திரத்தையும் நம்பரையும் கண்டுபிடித்த கையில் ஸ்பனர் சும்மா கிடந்தது.

கடைசியில் வயலுக்குப் போயிருந்த கச்சிமுகம்மதுவின் ட்ராக்டரைத் தேடிப் பிடித்து, பெட்டியில் பாய் விரித்து அவளை ஏற்றினார்கள். ஒலுவில் தாண்டும்போதே ளுஹர் பாங்கு கேட்டது. அக்கரைப்பற்றில் போய் இறங்கியபோது ஆண்கள் அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தங்கச்சி வருவாள் என்று கடைசி வரைக்கும் முகத்தை மூடாமல் வைத்திருந்தோம் என்று வீட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஹாஜறா வெறும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முத்தலிப் வாசலுக்குள் ஏறவில்லை, ட்ராக்டர் பெட்டியின் நிழலில் நின்றார்.

வந்த மறுநாளே காரைப் பிரித்தார். டிப்போ வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதில்தான் கிடந்தார். வெட்டி எறிந்ததெல்லாம் எப்போதோ பழைய இரும்பாய்ப் போயிருந்தது. குணம் தகடு வளைத்துக் கொடுத்தார், தச்சனைப் பிடித்துச் சட்டம் அடித்தார்கள், மீண்டும் கதவு வந்தது, கூரை வந்தது, தாங்கி பழைய இடத்துக்குப் போனது. எட்டுச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, மூலையில் கிடந்த பழைய எஞ்சினையே உயிர்ப்பித்தார். பெரிய எஞ்சினைக் கழற்ற வேண்டாம் என்று பொடியன்மார் வந்து கெஞ்சினார்கள். அவர் வேலையை நிறுத்தவில்லை. இரண்டு வருடம் போனது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வது எப்போதாவது சரியாகவும் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, காரைக் கழுவிக் கடப்படியில் நிறுத்தி, பின் கதவைத் திறந்து வைத்தார். உள்ளே வந்து, ஒருக்கா வெளிய வாங்க புள்ள என்றார்.

ஹாஜறா வந்து பார்த்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். நல்லாச் செய்திருக்கீங்க என்றாள். சொல்லிவிட்டு ஏறி, ஓரத்தில், நடுவில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். முத்தலிப் கதவைச் சாத்தினார். மெதுவாக ஓட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, தெற்கே திருப்புவதற்கு முன் காரை நிறுத்தினார்.

“எங்க போவம்?” என்றார்.

ஒரு பஸ் அக்கரைப்பற்றுப் பலகையோடு கடந்து போனது.

“எனக்கிட்டக் கேக்கிறீங்க,” என்றாள் ஹாஜறா. “அங்க இப்ப எனக்கு ஆரு இரிக்கா? வூட்ட திருப்புங்க.”

அவர் வீட்டுக்குத் திருப்பினார்.