மழை வேண்டாமென்று வேண்டிக்கொண்ட கோடை

போன வாரம் என் மகள் பேரனை நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் பார்ப்பது என்றால் பஞ்சாங்கத்தில் இல்லை, கைபேசியில். மைசூர் ஹெப்பாளில் கம்பெனி வேலை அவளுக்கு. பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர் என்பதால் தமிழைவிடக் கன்னடம்தான் வாயில் முந்திக்கொண்டு வரும்.

"சண்டே பேடாப்பா, ஃபுல் ரஷ்ஷுன்னு காட்டுது. புதன்கெழம மோடம் போட்டிருக்குமாம், ஜனமே இருக்காது" என்றாள்.

எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் என்று திரையில் குட்டையும் நெட்டையுமாகக் கோடுகள் நின்றன. எந்த மணிக்கு மழை என்று அதற்கும் ஒரு பக்கம் இருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தேன்.

"ஒரு கோடை பூரா இந்த வேலையத்தான் நான் பாத்தேன், தெரியுமா?" என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாக்கள் சொல்வதில் பாதியை இப்படிச் சிரித்துத்தான் தள்ளுகிறார்கள். உங்களிடமாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. ஹனூர் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம். வானம் பார்த்தால்தான் உழவு. அப்பாவும் அண்ணனும் அதோடு மல்லுக்கட்ட, நான் மைசூருக்கு வந்து மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே சரக்கு எடுக்க வந்த சமையல்காரர் ஒருவர்தான் டி.நரசீபுரம் சாலையில் புதிதாகத் திறந்திருந்த பூங்காவில் ஆள் எடுப்பதாகச் சொன்னார். அந்த இடம் இப்போது இல்லாததால் பெயர் வேண்டாம். ஓர் அலைக்குளம், இரண்டு சறுக்குக் குழாய், ஒரு ராட்டினம், ஒரு குட்டி ரயில், அவ்வளவுதான். எனக்கு வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலை.

இன்றைக்கும் எங்கள் தெருக் குழாயில் பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூக்கலாக வந்துவிட்டால் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வரும். அந்த வாடையோடு ஈர நைலான் துணி வாடையும் மிளகாய் பஜ்ஜி வாடையும் கலந்து காலை பத்து மணிக்கே மூக்கில் ஏறும். என் மனைவி, "தண்ணிய மோந்து பாத்துட்டு ஏன் சிரிக்கறீங்க?" என்பாள். அவளுக்கும் காரணம் தெரியும். தெரிந்தே கேட்பாள்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. காலை ஏழரைக்கு அதில் 'ஃபுல்', 'அரை', 'காலி' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் சமையல்காரர் தக்காளி பாத்துக்கு அரிசி களைவார், பம்ப் அறையில் எத்தனை மோட்டார் போடுவது என்று முடிவாகும். முதலில் மேனேஜர்தான் எழுதினார். அவர் எழுதியது ஒருநாளும் பலிக்கவில்லை. வெயில் அடித்தால் கூட்டம், மழை பெய்தால் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

அது அவ்வளவு லேசு இல்லை. முதல் நாள் வெயிலுக்கு யாரும் வரமாட்டார்கள். வீட்டிலேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு படுப்பார்கள். இரண்டாம் நாள் பிள்ளைகள் அரிக்க ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் ஓட்டு வீட்டுக்குள் இருக்க முடியாது. நான்காம் நாள் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். காலையில் லேசாக மூடாக்குப் போட்டிருந்தால், பிறகு எப்படிச் சுட்டெரித்தாலும், தாய்மார்கள் "சளி பிடிக்கும்" என்று நிறுத்திவிடுவார்கள். யுகாதிக்கு மறுநாள் ஊரே கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும், அன்றைக்கு 'காலி'. அமாவாசை என்றால் எங்கள் பக்கத்து ஜனம் முழுக்க மாதேஸ்வரன் மலைக்குப் போய்விடும். கொள்ளேகால் பஸ்ஸில் ஒரு ஆள் இறங்காது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மானாவாரிக்காரன் மகன் என்பதால் தூக்கம் கலைந்ததும் தலை தானாக மேலே பார்க்கும். சாமுண்டி மலைமேல் இரண்டு மணிக்குப் பஞ்சு மூட்டை மாதிரி ஏதாவது ஏறினால் அன்றைய மாலை கெட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் கோடையில் பலகை என் கைக்கு வந்தது. எட்டாவது படித்தவன் எழுதுவதைப் பார்த்து அடுப்பு எரிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு. சாக்பீஸ் தூளைத் தட்டாமலே சாப்பிடப் போவேன்.

அந்தக் கோடையில்தான் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் குடும்பம். பெண்ணின் அப்பா எனக்கு மாமன் முறை. நல்ல மனிதர், ஆனால் ஒரே பிடி. "மாப்பளைக்கு வேல நெலைக்கட்டுங்க. நெலச்சுதுன்னா வைகாசிக் கடைசில வச்சுக்கலாம். இல்லாட்டி நாம வேற பாத்துக்கலாமுங்க" என்று எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார். நான் பெண்ணை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அது போதுமானதாக இருந்தது.

வேலை நிலைப்பது எப்படி? வாசலில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவன் அந்தோணி, மைசூர்த் தமிழன், வேலையில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவன். மே மாதம் முழுக்க நல்ல கூட்டம் இருந்தால் இரண்டு பேரையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும் இல்லாவிட்டால் ஒருவரைத்தான் வைக்க முடியும் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒருவன் அந்தோணி என்பது கேட்காமலே தெரியும்.

ஆக, எனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமானால் மைசூரில் மழை பெய்யக் கூடாது.

சித்திரை ஒன்றாம் தேதி விடியக்காலை குளித்து, மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வேண்டிக்கொண்டேன். வைகாசி பாதி வரைக்கும் மழை வராமல் காத்துக்கொடு, பஸ்ஸில் வராமல் ஹனூரிலிருந்து நடந்தே உன் மலைக்கு வருகிறேன், முடி இறக்குகிறேன் என்று.

பத்துநாள் கழித்துப் பூங்கா ஆபீஸுக்கு அப்பாவிடமிருந்து போன். ஹனூரில் ஒரு பூத்திலிருந்து பேசுவார். போன் என்றால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அவர் கணக்கு. மேனேஜர் காதுக்கும் கேட்கும்.

"ஏங் கண்ணு, அங்க மழ ஏதாச்சும் எட்டிப் பாத்துச்சா?"

"இல்லீங்கப்பா. நல்ல வெய்யிலுங்க."

"நல்ல வெய்யிலா? என்னடா நல்ல வெய்யில். இங்க கட்டி ஒடைய மாட்டேங்குது. சித்திர மழ ஒண்ணு விழுந்தாத்தான் ஏரு பூட்ட முடியும். மாதப்பங்கிட்ட வேண்டிட்டேன். மழய எறக்கு, ஹனூருல இருந்து நடந்தே வாரன்னு."

"சரிங்கப்பா" என்று ரிசீவரை வைத்தேன். அதே சாமி, அதே நடை, அதே ஊரிலிருந்து. கேட்டது மட்டும் நேர் எதிர்.

அந்தோணியிடம் சொன்னபோது அவன் டிக்கெட் கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு எல்லாரும் 'குரு'தான். "ஏன் குரு, வீட்லயே பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டு அப்பறம் சாமிகிட்ட போகமாட்டீங்களா? பாவம் அவரு. இரு, நான் மாதாகிட்ட கேட்டுப் பாக்கறேன், அவங்க கொஞ்சம் ஃப்ரீயா இருப்பாங்க."

அன்றைக்கே என் வேண்டுதலைத் திருத்திக்கொண்டேன். டி.நரசீபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் இருக்கும் பக்கம், எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும், இந்தப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று. சாமிக்கே எல்லை கிழித்துக் கொடுத்தவன் நான். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆனால் சொன்னபோது நெஞ்சாரத்தான் சொன்னேன்.

வைகாசி பிறந்தது. மழை எந்தப் பக்கமும் இல்லை. பலகையில் பெரும்பாலும் 'ஃபுல்'தான் எழுதினேன். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் அப்பாவின் கட்டி உடையாத நிலம் கண்ணுக்கு முன்னால் வரும். எழுதிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மே மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, மாமா பெண்ணையும் அழைத்துக்கொண்டு நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தார். நடுவில் இரண்டு நாள் மூடாக்குப் போட்டு விலகியபின் அது வெயிலின் நான்காம் நாள். பதினோரு மணிக்கு வரிசை சாலை வரைக்கும் நின்றது. நான் வேண்டுமென்றே வேகமாக டிக்கெட் கிழித்தேன். மாமா வாசல் கொட்டகை நிழலில் துண்டால் விசிறிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அவள்.

"ஏனுங் மாப்பள, இத்தன சனமும் வெய்யிலுக்குத்தானுங்க வந்திருக்குது?"

"ஆமாங்க மாமா. வெய்யில் ஏற ஏறத்தான் கூட்டமுங்க."

"அது சரி" என்றார். முகம் ஏனோ மலரவில்லை. கூட்டம் போதவில்லையோ என்று எனக்குப் பயம்.

இரண்டு மணிக்குச் சாமுண்டி மலையைப் பார்த்தேன். பஞ்சு மூட்டை இல்லை, கரி மூட்டை. இரண்டரைக்குப் புழுதிக்காற்று பலகையைத் தள்ளிவிட்டது. அப்புறம் ஆலங்கட்டி. தகரக் கொட்டகையில் யாரோ கூடை கூடையாகப் புளியங்கொட்டை கொட்டுகிற சத்தம். கரண்டு போய், அலை நின்று, குளத்திலிருந்த ஜனம் எல்லாம் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. நனையவென்றே வந்தவர்கள் நனையாமல் இருக்க ஓடியதை அந்தோணி சுட்டிக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மாதப்பா, நிறுத்து. மாதப்பா, நிறுத்து" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. எனக்குத்தான். கொட்டகையை ஒட்டிய ஜன்னல் வழியே ரிசீவரை நீட்டினார்கள்.

"கண்ணு. மழ." அப்பா அன்றைக்குக் கத்தவில்லை. "காலைல இருந்து கொட்டுது. நாளைக்கு ஏரு பூட்டறோம். கேட்டுப்போட்டாருடா சாமி."

"நல்லதுங்கப்பா" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார். "அப்பாவுங்களா? அங்கயும் பேஞ்சுதுங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. அப்பா மழை கேட்டு வேண்டிக்கொண்டதையும், நான் மழை வேண்டாமென்று அதே சாமியிடம் வேண்டிக்கொண்டதையும், இந்த மாதம் கூட்டம் குறைந்தால் என் வேலை இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மழைச் சத்தத்தில் பாதி கேட்காது என்று நினைத்தேனோ என்னவோ.

எல்லாம் கேட்டிருந்தது. மாமா துண்டைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார்.

"வெய்யில்ல எங்க புழுவெல்லாம் துவண்டு போச்சுங்க மாப்பள. ரெண்டு தட்டு அள்ளிக் கொட்டியாச்சு. நானும் அவருகிட்டத்தான் வேண்டிட்டேன், ஒரு மழயக் குடு, காத்தக் குளுத்துன்னு. உங்க வேல இதுல இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

பின்னாலிருந்து அவள் மெல்ல, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "அப்பா, நானுந்தான் வேண்டிட்டேன்" என்றாள். அவள் என் காதில் விழப் பேசிய முதல் பேச்சு அதுதான். மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒருவன் ஒரு பக்கம். யார் பேச்சைச் சாமி கேட்பார், நீங்களே சொல்லுங்கள்.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு மழை. பலகையில் 'அரை', பிறகு 'காலி'. மாதக் கடைசியில் மேனேஜர் என்னை உட்காரவைத்து, காபி வரவழைத்துத்தான் சொன்னார். மாமாவிடம் மறைக்கக் கூடாது என்று மறுநாளே கொள்ளேகாலுக்குப் போய், "வேல போயிருச்சுங்க, நீங்க வேற எடம் பாத்துக்கங்க" என்றேன். அவர் மல்பெரித் தழையை நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"நாங் கேட்ட மழயில போன வேலைங்க அது. அதக் காரணஞ் சொல்லிப் பொண்ணு இல்லேன்னா, அந்த மலையில என்னையத் திரும்ப ஏறவிடுவாருங்களா? உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போலாம்."

ஆனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அதற்கு முன்னால் அப்பாவும் மாமாவும் வேண்டுதலை முடிக்க மலைக்கு நடந்தார்கள். என் வேண்டுதல் பலிக்காததால் எனக்குக் கடமை இல்லை. இருந்தாலும் கூடப் போனேன். சாமி என் எல்லைக் கோட்டை அழித்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. முடியும் இறக்கினேன். கல்யாண போட்டோவில் மொட்டைத் தலையோடு நிற்பவன் நான்தான். அப்பா வழியெல்லாம் விடவில்லை. "மழ வேண்டாம்னவனையும் கூட்டிட்டு வாரேன் சாமி, பாத்துக்க" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக் கேட்டில் காவல் வேலை கிடைத்து, அதிலேயே வயசாகிவிட்டது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அங்கே ஷிஃப்டுக்கு வரும் ஆள் ஒரே எண்ணிக்கைதான். மேலே பார்க்கும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. பூங்காவின் போர்வெல் வற்றியதும் முதலாளி மூடிவிட்டார். அலைக்குளம் இருந்த இடத்தில் வீட்டு மனைகள். அந்தோணி பெங்களூர் போனவன் அப்புறம் தென்படவில்லை. மாமா வீட்டில் இப்போது புழு இல்லை. அப்பா போய் ஆறு வருஷம். நிலத்தை அண்ணன் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள்.

இந்தச் சித்திரையில் நானும் மனைவியும் பஸ்ஸிலேயே மலைக்குப் போனோம். சன்னதியில் கூட்டம் அதிகமில்லை, நன்றாக நின்று கும்பிட முடிந்தது. பேரனுக்கு, மகளுக்கு, மாப்பிள்ளைக்கு, மனைவியின் முட்டிவலிக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன். மழையைப் பற்றி என்ன கேட்பதென்று தெரியவில்லை. வா என்று சொல்லவும் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் காரணம் இல்லை. வராதே என்று சொல்லவும் இல்லை. கும்பிட்ட கையை இறக்காமல் நின்றேன். பின்னாலிருந்தவர், "ஆயிதா சாமி?" என்று கன்னடத்தில் கேட்டார். ஆயிற்று என்று நகர்ந்துகொண்டேன்.