கொழுக்கட்டைக் கதையில் வரும் அடி

என் தங்கை மகளுக்கு நான்கு வயது. கதை நான் சொல்ல வேண்டும். அது எங்கே நடக்க வேண்டும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். காடு, அரண்மனை எல்லாம் அவளிடம் செல்லாது. அவள் வந்துபோகிற பஸ் ரூட்டில்தான் நடக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக் கொழுக்கட்டைக் கதையில் மாமியார் வீடு ராஜபாளையத்தில், மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அவன் தாண்டுகிற ஓடை வன்னியம்பட்டிப் பக்கம்.

ஒரு சனிக்கிழமை தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிள்ளையோடு ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து இறங்கியபோது இடது கன்னம் வீங்கியிருந்தது. "பல்வலி அக்கா" என்றாள். பல்வலிக்கு யாருக்கும் கண்ணுக்குக் கீழே கன்றிப்போகாது. நான் மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். ஆனாலும், ஏதாவது கேட்டால் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவாளோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு கிராம்பு எடுத்துக் கொடுத்தேன். அம்மா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்று இருப்பது என் வீடு ஒன்றுதான்.

ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்காரன் போன் செய்தான். பேசி முடித்ததும், "அவிய கூப்பிடுதாவ. சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்புதேன்" என்று துணிகளைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தாள். நான் பிள்ளைக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, கொழுக்கட்ட கதை சொல்லு."

சொன்னேன். மாப்பிள்ளை மாமியார் வீட்டில் கொழுக்கட்டையை ஒரு பிடி பிடித்தான். வீட்டில் போய் செய்யச் சொல்ல வேண்டுமே, பெயர் மறந்துவிடக் கூடாதே என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே நடந்தான். பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் "ம்" கொட்டினாள். ஓடையை 'அத்திரிபாச்சா' என்று ஒரே தாண்டாகத் தாண்டினான். கொழுக்கட்டை மறந்து அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, அத்திரிபாச்சா செய்து தா என்று பெண்டாட்டியிடம் கேட்டான். அப்படி ஒரு பலகாரமே கிடையாது என்றாள் அவள்.

"ம்" வரவில்லை.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அடுத்தது அடி. அவன் அடிப்பான், அவள் கன்னம் வீங்கும், 'என்னடி, கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கு' என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள், அவனுக்குப் பெயர் ஞாபகம் வந்துவிடும். எத்தனை வருடமாக அந்த இடத்தில் சிரித்திருக்கிறோம்! எங்கள் அம்மா கன்னத்தை உப்பிக்கூடக் காட்டுவாள். தங்கை துணி திணிப்பதை நிறுத்திவிட்டாள். என் கை பின்னலிலேயே நின்றது.

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். "அவ ராசபாளையத்துக்குப் போயி கேக்கட்டும் பெரியம்மா. அவ அம்மாதான செஞ்சாவ?"

காலங்காலமாக இந்தக் கதையைச் சொன்ன எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை. அவித்தவள் இருக்கிறாள், போய்க் கேட்டால் தீர்ந்தது. அதற்குப் போய் ஒருத்தி அடி வாங்க வேண்டுமா?

"ஏட்டி, ஒனக்கு எம்புட்டு அறிவு!" என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கதையைத் தொடர்ந்தேன். அவன் கையை ஓங்குவதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள். தாய்வீட்டில் தேங்காய்ப் பூரணம் வைத்த கொழுக்கட்டை ஆவி பறக்கத் தட்டில் வந்தது. அவன் மட்டும் 'அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா' என்று தெருவில் தாண்டிக்கொண்டே கிடந்தான்.

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "பொறவு அவ திரும்பிப் போனாளா?" என்று கேட்டாள்.

நான் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். போகப்போகிறவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே. அந்த நேரம் பார்த்து போன் மறுபடி அடித்தது. தங்கை அதை எடுத்து அணைத்துவிட்டு, மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"போகல தாயி. அங்கேயே இருந்துட்டா."