விற்கக் கொடுத்த பூபில்

எங்களிடம் ஒரு பூபில் இருந்தது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரு வான் வண்டிக்குள் அடைத்துவிட்டு நோர்வேஜியர் அதற்கு வைத்த பெயர் அது. எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிக்கட்டடத்தின் முன்னால் இரண்டு கார்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "மற்றச் சனமெல்லாம் ரொம்மனிலை வீடு வாங்குது. இந்த மனுசன் சில்லு வைச்ச வீடு வாங்கியிருக்கு" என்று தொலைபேசியில் சித்தியிடம் அழாக்குறையாகச் சொல்லுவார். அப்பா காது கேளாதவர்போலத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

எனக்கோ அதுதான் உலகம். ஒரு கோடையில் ஹம்மர்பெஸ்ட் வரைக்கும் அதில் போனோம். கலைமான்கள் தெருவை மறித்து நிற்க, அம்மா உள்ளே புட்டு அவித்துக்கொண்டிருந்தார். மேல் படுக்கையில் குப்புறக் கிடந்து நான் மான்களை எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது நோர்வேஜியப் பிள்ளைகளே வாயைப் பிளந்தார்கள்.

அம்மாவின் புறுபுறுப்புத் தாங்கமுடியாமல், ஒரு வசந்தத்தில், அப்பா அதை நெடுஞ்சாலையோர வாகனக் கடையொன்றில் விற்கக் கொடுத்துவிட்டு வந்தார். வண்டி எங்களுடையதுதான், விற்றுத் தந்தால் கடைக்காரருக்குத் தரகு. அன்று நான் சோறு தின்னவில்லை. அழுதேன், கத்தினேன், கதவை அடித்துச் சாத்தினேன்.

"விசர்ப் பெட்டை, அது வெறும் வாகனம்" என்றார் அம்மா.

ஆனால் சனிக்கிழமை வந்தால் அம்மாதான் முதலில் வெளிக்கிடுவார். "ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவம். தூசி படிஞ்சு கிடந்தா ஆர் வாங்குவினம்?" மூவரும் பஸ் ஏறுவோம். அம்மா யன்னல் துடைப்பார், மெத்தையைத் தட்டுவார், பிறகு கொண்டுவந்த ரோல்ஸை அந்தச் சின்ன மேசையில் பரப்புவார். வாங்க வருகிறவர்கள் கதவைத் திறந்து, குடும்பமே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கடைக்காரர் வெளியே நின்று தலையைச் சொறிவார்.

அப்படியிருந்தும் ஒரு சனிக்கிழமை ஆள் அகப்பட்டுவிட்டது. நாங்கள் போவதற்குள்ளேயே, ஒரே நிற மழையங்கி போட்ட வயதான தம்பதி அதைப் பார்த்துப் பிடித்துப்போய், பேரம்கூடப் பேசாமல் சம்மதித்துவிட்டார்கள். வண்டிக்கு வீட்டிலிருக்கும் மற்றத் திறப்பையும் கொண்டு வரும்படி கடைக்காரர் அழைத்தார். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனோம். அந்தக் கிழவர் என் மேல் படுக்கையில் ஏறிப் படுத்துப் பார்த்தாராம். இனி அழுது என்ன பயன்?

அப்பா பேனையைக் கையில் எடுத்தார். கடைக்காரர் திறப்புக்காகக் கையை நீட்டினார். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இப்ப இராகுகாலம். திறப்பை எப்பிடி எடுத்துக் குடுக்கிறது?"

அப்பா ஒருகணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு, கிரகங்கள் சரியில்லாத நேரம் இது, கைமாற்றக் கூடாது என்று மிகப் பணிவான நோர்வேஜிய மொழியில் விளக்கினார். திங்கட்கிழமை வரலாமா என்று கேட்டார் கடைக்காரர்.

"அண்டைக்கு அட்டமி."

செவ்வாய்?

"நவமி. அதோடை, செவ்வாயிலை ஆரும் குடுப்பினமோ?"

ஒவ்வொன்றையும் அப்பா சிரிக்காமல் மொழிபெயர்த்தார். நம்பிக்கை என்றால் மதிக்கத்தானே வேண்டும் என்று அந்தக் கிழவி தலையாட்டினார். கணவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்ற வண்டியை வாங்கிவிட்டார். கடைக்காரருக்கும் நட்டமில்லை. உங்களுடையதை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறை.

வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா ஏசிக்கொண்டே வந்தார். "இந்தக் கறள் பிடிச்ச சாமானை இனி எங்கை நிப்பாட்டப்போறியள்?" அப்பா விசிலடித்தபடி ஓட்டினார். மேல் படுக்கையில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றும்போது இராகுவுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய கும்பிடு போட்டேன். ஏனென்று அம்மா கேட்டார். சொன்னதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப்பக்கம் திரும்பிவிட்டார்.

எனக்கென்று ஒரு வீடும் அதன் சமையலறையில் ஒரு தமிழ் நாட்காட்டியும் வந்த பிறகுதான் கவனித்தேன்: சனிக்கிழமைகளில் இராகுகாலம் காலையிலேயே முடிந்துவிடும். அம்மாவுக்கு அது மனப்பாடம். நாள்தோறும் நாட்காட்டித் தாள் கிழிக்கிற அப்பாவுக்கும்தான். என் நன்றிக்கு உரிய இருவரும் அன்றைக்கு முன் சீற்றில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்?