மாட்டுச் சாணியும் கெமிஸ்ட்ரி டீச்சரும்

சாணியை எரிக்கத் தெரியாதவர் யாருமில்லை; எரியவிடாமல் கரியாக்குவதுதான் தொழில்.

காய்ந்த சாணியை இரும்பு டிரம்மில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, வெளியிலிருந்து சூடேற்றினால் அது கரியாகும். அந்தக் கரி நிலத்தில் ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைத்துப் பயிருக்குக் கொடுக்கும். செஞ்சியில் இதை நான் செய்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். பள்ளியை மூடிவிட்டார்கள். மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து, திருவண்ணாமலை ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டேன். வேலை போன பிறகு சொந்தத் தொழில் தொடங்கி, அது என்ன தொழில் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கப் பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

மூடியைத் திறந்தேன்

என்னோடு வேலை செய்பவர் அஞ்சலை. எங்கள் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் டிரம்மை மூட்டிய அன்று, காற்று இல்லாமல் எதுவும் எரியாது என்று அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். டிரம் நன்றாக ஆறி, மறுநாள் காலையில்தான் திறக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு எனக்கே பொறுக்கவில்லை. உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று மூடியை லேசாக நகர்த்தினேன். குப்பென்று பிடித்துக்கொண்டது. என் புருவத்தில் பாதி போயிற்று. மறுபடி மூடலாம் என்றால் கிட்டவே போகமுடியவில்லை. ஒரு டிரம் சாணி எங்கள் கண்ணெதிரே வெள்ளைச் சாம்பலானது. அஞ்சலை சிரிக்கக்கூட இல்லை. ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாம்பல்தான் வேணும்னா எங்கூட்டு அடுப்புலயே இருக்குதே டீச்சர், கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

ரெண்டு கூடை

சாணிக்கு வீடு வீடாகப் போகவேண்டும். ஒரு வீட்டில் நாலு கறவை மாடு. வாசலில் கூடையோடு நின்று, குழைவாக விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மகள் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவளாம். இப்போது சென்னையில் நர்ஸாக இருக்கிறாளாம். சந்தோஷம் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டுக்கூடையும் கொண்டுவந்து கொடுத்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் கைகாட்டினார். நான் குனிந்து அள்ள ஆரம்பித்தபோது பின்னாலிருந்து, கோபமே இல்லாமல், விசாரிக்கிற குரலில் கேட்டார்: "படிக்கலன்னா சாணி அள்ளத்தான் போவேன்னு எம் பொண்ண அடிக்கடி சொல்வீங்களாமே, அது நீங்கதான டீச்சர்?"

பஸ்ஸில் ஒரு மூட்டை

மேல்சித்தாமூருக்கு ஒரு மூட்டையை டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். பழைய உரச் சாக்கு. மேலே ஒரு உரத்தின் பெயர், உள்ளே கரி. என்ன மூட்டை என்று கண்டக்டர் கேட்டார். கரி என்றேன். அடுப்புக்கரியா என்றார். இல்லை, சாணியிலிருந்து செய்தது என்றேன். பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கரிக்கு வாசனையே கிடையாது, வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள் என்று சாக்கை அவிழ்த்தேன். அவிழ்த்திருக்கக் கூடாது. டிரைவர் அந்த நேரம் பார்த்து பிரேக் போட்டார். முன்னால் இரண்டு வெள்ளை வேட்டிகள் கருத்தன. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "கரின்னா லக்கேஜ், சாணின்னா எறங்கிக்கணும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணி சொல்லுங்கம்மா."

புழுவுக்கா, புகைக்கா

அந்த மூட்டையில் மிச்சமிருந்தது தரணேந்திரன் ஐயாவுக்கு. மேல்சித்தாமூரில் நெல்லும் உளுந்தும் போடுகிற சமணர். கரியைக் கையில் எடுத்து நொறுக்கிப் பார்த்தார். ஈரம் பிடிக்குமா, எத்தனை வருடம் மண்ணில் நிற்கும் என்றெல்லாம் கேட்பார் என்று பதிலோடு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "சாணிக் குப்பையில புழு இருக்குமே. எரிக்கறப்ப அதெல்லாம் என்ன ஆகுதும்மா?" குவியலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வந்து அஞ்சலையும் நானும் குவியலைக் கிளறினோம். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. இத்தனை நாளும் அவற்றையும் சேர்த்துத்தான் டிரம்மில் போட்டிருக்கிறோம். அதன்பிறகு சாணியை மெல்லிசாகப் பரப்பி, கண்ணில் படுகிற புழுவைப் பொறுக்கி நிழலில் இருக்கிற ஈரக் குப்பைக்கு மாற்றினோம். நாலு நாள் வெயிலில் காய்ந்த சாணி முன்னைவிட நன்றாகக் கரியானது, புகையும் பாதியாகக் குறைந்தது. நான் போய், புழு தப்பியதையும் புகை குறைந்ததையும் பெருமையாக அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டார். வழியனுப்பும்போது மெதுவாகக் கேட்டார்: "புழுவுக்காக செஞ்சீங்களா, புகைக்காக செஞ்சீங்களா?"

மஞ்சள் அரை ஏக்கர்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வல்லத்தில் வேலாயுதம் என்பவர் ஒரு ஏக்கரில் வேர்க்கடலை, அதாவது எங்கள் பக்கத்து மல்லாட்டை, போட்டார். என் பேச்சை நம்பி அதில் பாதிக்கு என் கரி. புதுக் கரியை அப்படியே போடக் கூடாது. கோமியமும் மக்கிய எருவும் கலந்து இரண்டு வாரம் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் இருக்கிற சத்தைக் கரியே குடித்துவிடும். இது என் பயிற்சி நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது. விதைக்கிற நாள் நெருங்கிவிட்டது, ஊறவைக்க நேரமில்லை, முதல் பெரிய ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். அப்படியே கொடுத்துவிட்டேன்.

இருபதாம் நாள் போன் வந்தது. வந்து பாருங்க என்றார். போய்ப் பார்த்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் கரும்பச்சை, இந்தப் பக்கம் மஞ்சள். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தப்பு என்னுடையதுதான், ஊறவைக்காமல் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, "உங்களுக்கு நெலம் எவ்ளோ இருக்குது டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் நைனாவும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில்தான் களை வெட்டினார்.

அன்றிலிருந்து பத்து நாள் நானும் அஞ்சலையும் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வல்லம் போனோம். சாணியும் கோமியமும் கரைத்து, குடம் குடமாகச் செடிக்குச் செடி ஊற்றினோம். ஊற்ற ஆரம்பித்த மூன்றாவது வாரம் துளிர் பச்சையாக வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் பறித்தபோது அந்தப் பாதியில் காய் குறைவுதான். அவர் ஒரு செடியைப் பிடுங்கி உதறி, காயை எண்ணாமல் என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கெணத்து ஓரம் ரெண்டு பாத்தி உங்களுக்கு விடறேன். மொதல்ல அதுல போட்டுப் பாருங்க. பச்சையா நின்னுதுன்னா அப்புறம் என் நெலத்துக்கு வாங்க."

ஆக, கையில் ஒட்டின கரி சோப்புப் போட்டால் போய்விடுகிறது, காதில் விழுந்தது ஒன்றும் போகமாட்டேன் என்கிறது.